கிழக்கால் போய் மேற்கால் வந்த படகு

நான் எலுமிச்சம்பழத்தை ஜூஸ் போட்டுக் குடிக்கிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரும். புதுப் படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று என் அம்மா அதன் மூக்கில் கட்டிவிட்ட திருஷ்டிப் பழத்தை, வெயில் தாங்காமல் நடு ஆற்றில் அவிழ்த்துப் பிழிந்து சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டேன், அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவன் நான். எண்ணெய் இருந்தால் என்ஜின் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும், நடுவில் சாமியும் கிடையாது பேயும் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். இந்தக் கதையை வேறு யாராவது வந்து என்னிடம் சொல்லியிருந்தால், காலையிலேயே போட்டுட்டியாடா என்று கேட்டிருப்பேன். நீங்களும் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் முழுதும் கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் நோணாங்குப்பம். அப்பா காலத்தில் நெல்லும் கரும்பும் போட்டோம், இப்போது நிலமெல்லாம் மனையாகிவிட்டது, நானும் என் மச்சான் கதிரும் சேர்ந்து ஒரு சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். டூரிஸ்டுகளை ஏற்றும் பெரிய போட் ஹவுஸ் வேறு, அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. தூண்டில் போட வருகிறவர்கள், பறவையைப் படம் எடுக்க வருகிறவர்கள், சில நேரம் அஸ்தி கரைக்க வருகிறவர்கள், இவர்கள்தான் எங்கள் சவாரி. கடலூர் ரோட்டுப் பாலம் இருக்கிறதல்லவா, அதற்குக் கிழக்குப் பக்கம் படகைக் கட்டுவோம். அங்கிருந்து கிழக்கே போனால் ஆறு அகலும், இரண்டு பக்கமும் சதுப்பு மரங்கள், அவற்றுக்கு நடுவே தண்ணீர் ஓடை ஓடையாகப் பிரிந்து பிரிந்து சேர்ந்து கடைசியில் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும். பாலத்துக்கு மேற்கே ஆறு சுருங்கி வயல்காட்டுப் பக்கம் போய்விடும். கிழக்கே போன படகு மேற்கே வர வேண்டுமானால் பாலத்துக்கு அடியில்தான் வந்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம். பொங்கல் முடிந்திருந்தது. பொழுது விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் காரில் வந்து இறங்கினார் ஒரு அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நூல் புடவைக்கு மேல் தடித்த கோட்டு, காலில் ஷூ. என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் "பொன்ழூர்" என்று சொல்லிவிட்டு, உடனே "வணக்கம் தம்பி" என்று திருத்திக்கொண்டார். பிரான்சிலிருந்து வருகிறவர்களை நாங்கள் மதாம் என்றுதான் கூப்பிடுவோம், நானும் அப்படியே கூப்பிட்டேன். கூட யாரும் வரவில்லை. மடியில் துணி சுற்றிய ஒரு செம்பு, தோளில் ஒரு பை, அவ்வளவுதான்.

"எந் தம்பியோட அஸ்தி," என்றார். "ரவின்னு பேரு."

படகு கிளம்பியது. பனி அப்போது தண்ணீரின் மேல் முழங்கால் உயரத்துக்குத்தான் இருந்தது, அதற்கு மேலே வானம் தெளிவாக இருந்தது, பாலத்தில் போகிற பஸ்ஸின் விளக்குகூடத் தெரிந்தது. அந்த அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அவருடைய தமிழ் என் அத்தைமார் பேசுகிற தமிழ் மாதிரி இருந்தது, இங்கிருந்து போகும்போது எடுத்துக்கொண்டு போனதை அப்படியே பெட்டியில் வைத்திருந்தவர் போல.

"நாங்க கருவடிக்குப்பம் தம்பி. எங்கப்பா சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தாரு. சின்னதுலயே எங்கள அழச்சிக்கினு போய்ட்டாரு. எனக்கு அங்க ஒட்டிக்கிச்சி. ரவிக்கு ஒட்டல. ஸ்கூல்ல ஒருத்தங்கூடவும் பேச மாட்டான், அவங்க பேசுறது இவனுக்குப் புரியாது. ஒரு வருசம் பூரா வாயே தொறக்கல. அப்பறம் அப்பா இத வாங்கிக் குடுத்தாரு."

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, மஞ்சள் பிளாஸ்டிக், ஓரமெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்தது. நடுவில் கறுப்புத் திரை, கீழே கட்டைவிரலால் தள்ளுவதற்கு ஒரு சின்னக் குச்சி. அந்தக் காலத்தில் பெரிய பெட்டிக்கு முன்னால் நின்று காசு போட்டு விளையாடுவார்களே, வாயைத் திறந்து திறந்து மூடுகிற மஞ்சள் வட்டம் ஒன்று சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்னும், நான்கு பேய்கள் அதைத் துரத்தும், அந்த ஆட்டத்தையே கைக்கு அடக்கமாகச் செய்தது. நான் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மெக்கானிக் புத்தி, எதைக் கொடுத்தாலும் அடியைத்தான் முதலில் பார்ப்பேன். பாட்டரி போடுகிற இடத்துக்கு மூடியே இல்லை, உள்ளே காலி, ஸ்பிரிங் எல்லாம் பச்சையாகத் துருவேறிக் கிடந்தது.

"ஒழுகிடுச்சின்னு அவனே எடுத்துப் போட்டுட்டான். ஆனாலும் இத தூக்கிப் போட மனசு வரல அவனுக்கு," என்றார் மதாம். திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு கதவு இருக்கும் தம்பி. இந்தக் கோடியில வெளிய போனா அந்தக் கோடியில உள்ள வந்துடலாம். பேய் கிட்டக்க வந்துட்டா ரவி நேரா இதுல தான் பூருவான். ஒருநாள் என்னக் கேட்டான், யக்கா, நம்ம வீட்லயும் இது மாரி ஒரு கதவு இருந்தா, இங்க பூந்து புதுச்சேரில வெளிய வந்துடலாம்ல?" சிரித்தார். "வரவே இல்ல தம்பி. படிப்பு, வேல, கல்யாணம், அப்பறம் ஒடம்பு. அடுத்த வருசம் அடுத்த வருசம்னே போயிடுச்சி."

முகத்துவாரத்துக்கு உள்பக்கமாக, அலை இல்லாத இடத்தில் படகை நிறுத்தினேன். மதாம் செம்பைத் திறந்து கரைத்தார், பால் ஊற்றினார், கையெடுத்துக் கும்பிட்டார். அழவில்லை. பிறகு அந்த மஞ்சள் பெட்டியைத் தண்ணீருக்கு மேலே நீட்டினார்.

"வேணாம் மதாம்," என்றேன். எனக்கே சங்கடமாக இருந்தது. "பிளாஸ்டிக்கு அது. இது ஆம முட்டையிட வர மாசம், கண்டதயும் முழுங்கித் தொலைக்கும்."

அவர் கை அப்படியே நின்றது. "நீங்க சொல்றதும் சரிதான்," என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பக்கத்துப் பலகையில் வைத்துவிட்டார். ஒரு குழந்தையிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டது போல எனக்கு இருந்தது.

என்ஜினை இழுத்தேன். இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. தூக்கிப் பார்த்தால் தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியில் யாரோ விட்டுப்போன வலைத் துண்டு சிக்கியிருக்கிறது. கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தேன், தலையைக் குனிந்து வேலை செய்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான், நிமிர்ந்தால் உலகத்தைக் காணோம். பனி என்றால் அப்படி ஒரு பனியை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, அதற்குப் பின்னாலும் பார்த்ததில்லை. மதாம் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், கோட்டு தெரிகிறது, முகம் தெரியவில்லை. தண்ணீர் வற்றுகிற நேரம் அது, ஆறு மொத்தமும் கடலுக்குள் இழுக்கும். படகு நகர்கிறது என்று தெரிகிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. முகத்துவாரத்துக்கு வெளியே மணல் திட்டில் அலை உடைகிற சத்தம் எப்போதும் கிழக்கில் கேட்கும், அன்று அது நாலா பக்கமும் கேட்டது. அந்தத் திட்டில் குறுக்காக மாட்டினால் எங்கள் அளவு படகு கவிழ்ந்துவிடும். அப்படிக் கவிழ்ந்து போனவர்களை எனக்குத் தெரியும்.

மூங்கிலை எடுத்துத் தரையைத் தேடினேன். அங்கெல்லாம் இடுப்பளவுதான் தண்ணீர், சின்ன வயதிலிருந்து நண்டு பிடித்த இடம். மூங்கில் முழுதும் உள்ளே போயிற்று, என் கை நனைந்தது, தரை தட்டவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை. நான் சொல்லாமலே மதாமுக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, பயப்படுறீங்களா?"

"இல்ல மதாம். பனி கலஞ்சிடும்," என்றேன். என் குரல் நானே நம்புகிற மாதிரி இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. தவளை நாக்கைத் தட்டுவது போல, டொக் டொக் டொக் என்று, சின்னதாக, சந்தோஷமாக. பலகை மேல் வைத்திருந்த பெட்டியின் திரையில் வெளிச்சம். நீலக் கோடுகளில் சந்துகள், மஞ்சள் வட்டம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு ஓடுகிறது. நான் பாய்ந்து எடுத்துத் திருப்பினேன். அடியில் அதே காலி இடம், அதே பச்சைத் துரு. நம்பினால் நம்புங்கள், அந்த ஓட்டைக்குள் என் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே எதுவுமே இல்லை, ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. வெகுநேரம் யாரோ கையில் வைத்திருந்த பொருள் மாதிரி.

மதாம் கையை நீட்டினார், கொடுத்தேன். அவர் குச்சியைத் தொடவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு சும்மா பார்த்தார். குச்சி தானாகவே இப்படியும் அப்படியும் அசைந்தது.

"மொன் தியே," என்றார். அவர்கள் கடவுளே என்று சொல்வது அது. பிறகு மிகவும் சாதாரணமாக, அடுப்படியிலிருந்து தம்பியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்: "ரவி தான். திரும்புறதுக்கு முன்னால இப்பிடித் தான் ஒரு வாட்டி ஆட்டுவான். என்ஜினப் போடுங்க தம்பி."

போட்டேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது, ஆனால் சத்தம் பஞ்சுக்குள் வைத்தது போல எங்கிருந்தோ கேட்டது.

"எடது," என்றார் மதாம். திருப்பினேன். "நேரா. இன்னும் நேரா. இப்ப சோத்தாங்கை பக்கம்." திருப்பினேன். மரக்கிளைகள் இரண்டு பக்கமும் உரசுவது போல வந்து உரசாமல் போயின. எனக்குத் தெரியாத ஓடை அந்த உப்பங்கழியில் ஒன்றுகூடக் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன், ஆனால் நாங்கள் போனது எதுவும் எனக்குத் தெரியவில்லை, எல்லாம் ஒரே அகலம், எல்லாத் திருப்பமும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி செங்கோணமாக. தண்ணீரில் அலையே இல்லை. அதன் மேல் வெள்ளையாக, வட்டமாக, நுரைக் குமிழியா வெளிச்சமா என்று தெரியாமல் புள்ளிகள், ஒன்றன் பின் ஒன்றாக ஒரே வரிசையில் எங்களுக்கு முன்னால் மிதந்தன. படகு அதன் மேல் போகும், திரையில் டொக் என்று கேட்கும். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் தண்ணீர் கறுப்பாக, வெறுமையாக இருந்தது.

எனக்குப் பயம் போய்விட்டிருந்தது, அதுதான் வேடிக்கை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால், தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியாமல் சுகமாக மிதப்போமே, அப்படி இருந்தது. யாரோ வழி தெரிந்தவன் கையைப் பிடித்து அழைத்துப்போகிறான், நாம் பேசாமல் போனால் போதும் என்று.

"நில்லு!" என்றார் மதாம் திடீரென்று. அதுவரை வாங்க போங்க என்றவர் அப்போதுதான் ஒருமையில் கத்தினார். என்ஜினை அணைத்தேன். எதிரில் குறுக்குச் சந்து மாதிரி ஒரு ஓடை. அதில் இடமிருந்து வலமாக ஏதோ பெரிதாகப் போயிற்று. விசைப்படகு அளவுக்கு இருந்தது, விளக்கு இல்லை, சத்தம் இல்லை, ஆள் இல்லை, பனியைவிடக் கொஞ்சம் கருத்த ஒரு சுவர் நகர்ந்து போவது போல. அது போன பிறகு அதன் குளிர் மட்டும் வந்து எங்கள் மேல் பட்டது. மதாம் மூச்சை விட்டார். "அலே, போலாம்," என்றார், மறுபடியும் என்ஜினைப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு மறுபடியும் உயிர்ப்பயம் வந்தது. அலைச் சத்தம் இப்போது நாலா பக்கமும் இல்லை, நேர் எதிரில் மட்டும் கேட்டது. பக்கத்தில். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. மதாம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நேரா," என்றார்.

"மதாம், அந்தப் பக்கம் கடல்!"

"நேரா தான் தம்பி."

"மணல் திட்டு இருக்கு மதாம், அல ஒடையிது, கேக்குதா இல்லயா? கவுந்தா ரெண்டு பேரும் போய்ச் சேந்துடுவோம்!"

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பனியில் முதல்முறையாக அவர் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "பின்னால நாலும் வந்துட்டுது," என்றார். "கதவு தான் பாக்கி. அவன் அதுல தான் போவான்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது, பார்க்கவில்லை. வீட்டில் மனைவி இருக்கிறாள், பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, புத்தி உள்ள எவனும் வற்றுகிற தண்ணீரில் முகத்துவாரத்தைப் பார்த்து என்ஜினை முடுக்க மாட்டான். நான் முடுக்கினேன். எந்த நம்பிக்கையில் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. அலை உடைகிற வெள்ளை தெரிந்தது, படகின் மூக்கு தூக்கியது, வாயில் உப்புத் தண்ணீர், கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. ஒரு கனமான திரைச்சீலையைத் தலையால் முட்டிக்கொண்டு உள்ளே போனது போல இருந்தது, அதற்குப் பிறகு சத்தம் நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தால் வெயில். தென்னை மரம். கரையில் ஒரு எருமை நின்று எங்களைப் பார்க்கிறது. பஸ் ஹாரன் கேட்கிறது. எதிரில் பாலம். வழக்கமாக அதன் ஒரு முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வீடு திரும்புவேன், இப்போது மற்ற முகம் தெரிந்தது. நாங்கள் பாலத்துக்கு மேற்கே இருந்தோம். வயல்காட்டுப் பக்கமிருந்து, காலை வெயில் முகத்தில் அடிக்க, கிழக்கைப் பார்த்து வந்துகொண்டிருந்தோம்.

மதாம் கையிலிருந்த பெட்டியின் திரை கறுத்துவிட்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை, கரையைப் பார்த்தார், எருமையைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார். அப்போதுதான் அழுதார், சிரித்துக்கொண்டே அழுதார். "வந்துட்டான் தம்பி," என்றார். 

பாலத்துக்கு அடியில் நுழைந்து எங்கள் இடத்துக்கு வந்தால், கரையில் உட்கார்ந்திருந்த கதிர் எழுந்து நின்றுவிட்டான்.

"இன்னாடா தணிகா, இந்தப் பக்கமா வர? கெழக்கால தானடா போன?"

"நீ எங்கனா போயிருந்தியா மச்சான்?"

"எங்கடா போறது? பனியில ஒன்னக் காணமேன்னு இங்கியே தான் குந்திக்கினு இருக்கறன். பாலத்துக்கு அடியில ஒரு காக்கா கூடப் போவல."

மூவரும் பாலத்தோரக் கடையில் டீ குடித்தோம். மதாம் இரண்டு டீ குடித்தார், இனிப்பு தூக்கலாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். கிளம்பும்போது அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். சில்லென்று இருந்தது, குச்சியைத் தள்ளினேன், ஒன்றும் ஆகவில்லை, வெறும் பிளாஸ்டிக். திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த வாரமே பிரான்சுக்குப் போய்விட்டார். எப்போதாவது போனில் பேசுகிறோம், மழை பெய்கிறதா, பிள்ளை எப்படிப் படிக்கிறாள் என்று. அந்தக் காலையைப் பற்றி இரண்டு பேருமே பேசுவதில்லை.

பிறகு நான் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் நன்றாக வற்றிய ஒரு மத்தியானம் கதிரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கழி முழுவதும் சேற்றில் நடந்தே பார்த்தேன். எந்தக் கிளையும் எந்த ஓடையும் பாலத்தைச் சுற்றி மேற்கே போகவில்லை. போக முடியாது, நடுவில் ரோடு இருக்கிறது, வீடுகள் இருக்கின்றன. குறுக்கே ஒரு பெரிய படகு போனதே, யாருடையது என்று விசாரித்தேன். அன்று பனிக்கு யாரும் விசைப்படகை எடுக்கவே இல்லை என்றார்கள். சரி, பனியில் மயங்கியிருப்போம், தெரியாமல் பாலத்துக்கு அடியில் போயிருப்போம், கதிர் கண் அசந்திருப்பான், என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி ஒருவழியாக ஆற்றிக்கொண்டேன். நீங்களும் அதைத்தான் சொல்லப் போகிறீர்கள், சொல்லுங்கள், எனக்கும் அது பிடித்த பதில்தான்.

ஆனால் போன ஆவணியில் வீராம்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் வேலாயுதம் அண்ணன் உட்கார்ந்தார். கடலுக்குப் போகிறவர், எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர், பொய் சொல்லத் தெரியாத மனிதர். பாயசத்தை வழித்துக்கொண்டே கேட்டார்:

"டேய் தணிகா, ரொம்ப நாளா கேக்கணும்னு. தை மாசம் ஒருநாள் பெரிய பனி வுட்டுதே, அன்னிக்கி அந்தச் சின்ன போட்ட எடுத்துக்கினு அவ்ளோ தூரம் கடலுக்கு எதுக்குடா போன?"

"எப்பண்ணே?" என்றேன்.

"பனி சுத்தமா கலஞ்சி நல்லா வெயில் வந்துட்டுது, நான் வல இழுத்துக்கினு இருந்தேன். கோட்டு போட்ட பொம்பள ஒண்ணும் நீயும். கிட்டத்துல தான் போன, நான் கத்தினேன், கரைக்கித் திரும்புடா, எண்ண போதாதுன்னு. நீ கேட்ட மாரியே தெரியல. கெழக்கப் பாத்து அப்பிடியே போய்க்கினே இருந்த, புள்ளியா ஆயி மறையிற வரைக்கும் பாத்துக்கினு தான் இருந்தேன்."

அன்று வெயில் நன்றாக வந்த பிறகு நானும் மதாமும் பாலத்தோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கதிர் பார்த்தான், டீக்கடைக்காரர் பார்த்தார். இதை நான் வேலாயுதம் அண்ணனிடம் சொல்லவில்லை. என்னால் கேட்க முடிந்தது ஒன்றுதான்.

"அது நான் தான்னு நல்லாத் தெரிஞ்சிதாண்ணே?"

"ஒன்ன எனக்குத் தெரியாதாடா?" என்று சிரித்தார் அவர். "என்னப் பாத்துக் கையக்கூட ஆட்டினியே. அத வுடு, ஒண்ணு சொல்லு. பொறந்ததுலேர்ந்து ஒன்னப் பாக்கறன், மொகத்துல அப்பிடி ஒரு சந்தோசத்த நான் பாத்ததே இல்ல. இன்னாடா இருந்துச்சி அங்க?"